புத்தம்புதுப் பழைய கிச்சன்

"இன்னும் ஓங்கி அடிங்க. பாவ புண்ணியம் பாக்காதீங்க" என்றாள் உஷா.

கையில் சைக்கிள் செயினைச் சுற்றிக்கொண்டு கிருஷ்ணப்பா தயங்கி நின்றார். அவருக்கு முன்னால் தரையில் கிடந்தது ஆளில்லை. அன்று காலைதான் வண்டியில் வந்து இறங்கிய புத்தம்புதுத் தேக்கு அலமாரிக் கதவு.

"ஏனம்மா இது? இவ்ளோ வருசமா மரத்த இழைச்சி, பளபளன்னு பண்ணிக் குடுத்துதான் கூலி வாங்கியிருக்கேன். அடிச்சி நொறுக்கக் கூலி வாங்குறது இதான் மொத வாட்டி."

"இதுக்குப் பேரு கன்ட்ரி ஸ்டைல். பாத்தா மூணு தலைமுறை பொழங்குன மாதிரி இருக்கணும். அந்த மூலையில பெயின்ட்ட இன்னும் கொஞ்சம் சுரண்டி விடுங்க."

எல்லாம் டிசைனர் ஸ்னேஹா ஏற்றிவிட்டது. சீமையில் ஏதோ பண்ணை வீட்டுச் சமையலறையின் படத்தைக் காட்டி, "பளபளப்பு எல்லாம் புதுப்பணக்காரங்க டேஸ்ட் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டது அந்தப் பெண். ஒக்கலிபுரத்து ஒண்டுக்குடித்தனத்திலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி அப்பார்ட்மென்ட்டுக்கு வந்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்த உஷாவுக்கு அது சுருக்கென்று தைத்தது.

"இருந்த கிச்சனுக்கு என்னடி கொறச்சல்?" என்று கணவர் உத்தமன் கேட்டுப் பார்த்தார்.

"அது எல்லார் வீட்டுலயும் இருக்குற மாதிரி இருந்துச்சு. அதான் கொறச்சல். வர்ற ஞாயித்துக்கிழமை சுஹாஸ் வீட்டுலேர்ந்து லாவண்யாவப் பாக்க வர்றாங்க, ஞாபகம் இருக்கா? அவங்களுக்கு சர்ஜாபூர் ரோட்ல தனி வில்லா. பையனோட அம்மா முன்னாடி நான் ஒரு படி எறங்கி நிக்க மாட்டேன்."

"ஹால்ல உக்காந்து பொண்ணப் பாக்கப் போறாங்க. கிச்சன எவன் பாக்கப் போறான்?"

"மாப்பிள்ளையோட அம்மா எந்தக் காலத்துலங்க ஹால்லயே உக்காந்திருக்கா? தண்ணி குடிக்கிற சாக்குல நேரா உள்ளதான் வருவா."

உத்தமன் வாயை மூடிக்கொண்டார். அந்த வீட்டில் அது அவருக்கு நன்றாகக் கைவந்த வேலை.

ஞாயிற்றுக்கிழமை, பையனின் அப்பா பத்ரிநாத்தும் அம்மா ஷோபாவும் சுஹாஸோடு வந்தார்கள். பஜ்ஜித் தட்டு நடுவழியில் இருக்கும்போதே ஷோபா எழுந்தாள். "கொஞ்சம் தண்ணி குடிக்கலாமாங்க?" என்று கேட்டுக்கொண்டே நேராகச் சமையலறைக்குள் நுழைந்தாள். உஷா கணவனைப் பார்த்த பார்வையில், "நான் சொல்லல?" என்று எழுதி ஒட்டியிருந்தது.

உள்ளே போன ஷோபாவுக்குத் தண்ணீர் மறந்துபோயிற்று. பெயின்ட் உதிர்ந்த கதவை மெதுவாகத் தடவினாள். செயின் தடத்தில் விரலை ஓட்டினாள். கறுத்துப்போன பித்தளைக் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள்.

"முழுக்க... இதே மாதிரிதானாங்க?"

"முழுக்கவே இதுதாங்க" என்றாள் உஷா, நெஞ்சு நிமிர.

"தெனமும் இதுலயா சமைக்கிறீங்க?"

"எங்களுக்கெல்லாம் இது பழகிப்போச்சுங்க." பெரிய இடத்துக்காரர்கள் தங்கள் பெருமையை இப்படித்தான் அலட்டிக்கொள்ளாமல் சொல்வார்கள் என்று உஷாவுக்கு நினைப்பு.

ஷோபாவின் கண் கலங்கிவிட்டது. உஷாவின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஹாலுக்குத் திரும்பினாள். ரசனை உள்ளவள் என்றால் இவளல்லவா ரசனை உள்ளவள் என்று உஷா பூரித்துப் போனாள்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. உத்தமனும் கேட்கட்டும் என்று உஷா ஸ்பீக்கரில் போட்டாள்.

"லாவண்யாவ எங்க எல்லாருக்குமே ரொம்பப் புடிச்சிருக்குங்க" என்றாள் ஷோபா. "சுஹாஸ் இப்பவே தேதி கேக்கறான்."

உஷாவுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. உத்தமன் பூஜை அலமாரி இருந்த திசையில் ஒரு கும்பிடு போட்டார்.

"இன்னொரு விஷயம். சீர் செனத்தின்னு ஒரு குண்டுமணி கூட வேண்டாம். மண்டபம், சாப்பாடு, எல்லாமே எங்க செலவு. வீட்டுக்காரரும் அதான் சொல்றாரு."

உஷா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "பாத்தீங்களா? செயின்ல அடிக்கச் சொன்னேன்னு என்னைப் பைத்தியம் மாதிரி பாத்தீங்களே! நமக்குச் சமமான எடம்னு உள்ள கால் வெச்ச உடனே தெரிஞ்சிருச்சு அந்தம்மாவுக்கு. இனிமே கேப்பாங்களா சீரு?"

உத்தமனுக்கே மனைவி மேல் புதிதாக ஒரு மரியாதை வந்தது. "நீ கெட்டிக்காரிதான்டி" என்று மனதார ஒப்புக்கொண்டார்.

உஷா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு பெரிய வீட்டு அம்மாளின் குரலை வரவழைத்துக்கொண்டாள். "அதெப்படிங்க? ஒரே பொண்ணு. அவளுக்குன்னு சேத்து வெச்சது அப்படியே இருக்கு. நாங்க செய்யாம யாரு செய்வா?"

எதிர்முனையில் ஷோபாவின் குரல், கூடப்பிறந்த அக்காவின் குரல் மாதிரி, தணிந்து வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க... அந்தக் காசுல மொதல்ல உங்க கிச்சனை மாத்திடுங்க."