கழுத்து மூடிய ரவிக்கை

சொறியக் கூடாது.

இன்னும் அரை மணி நேரம். மேடை ஏறி, மூன்று வரி சொல்லி, இறங்கிவிட்டால் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்ளலாம். அதுவரை இந்தக் கை மடியிலேயே கிடக்கட்டும்.

கல்யாண மண்டபத்தின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஏசி பெயருக்கு ஓடிக்கொண்டிருந்தது. ரவிக்கைக்குள் வியர்வை இறங்கும்போதெல்லாம் முதுகு முழுக்க ஊசி குத்தியது.

தொண்டைக்குழியை மூடும் கழுத்து. மணிக்கட்டு வரை கை. இப்படித் தைக்கச் சொன்னவன் அவள் கணவன் தனசேகரன். சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் விட்டுவிட்டு எடை குறைக்கும் இந்தக் குழுவை ஆரம்பித்தவனும் அவன்தான். இன்று ஐந்தாம் ஆண்டு விழா.

எல்லோர் நெஞ்சிலும் ஓர் அட்டை. பெயர். பெயருக்குக் கீழே, குறைத்த கிலோ.

"பதினெட்டு, இங்க வாங்க! முப்பத்தொண்ணு உங்கள அப்பருந்து தேடுறாரு."

பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை.

அவள் அட்டையில் இருபத்திரண்டு.

"குடுத்து வச்சவங்க அண்ணி நீங்க," என்றாள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி. "அண்ணனே முட்டை அவிச்சுக் குடுக்குறாராம்ல. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே. அடுப்பப் பத்தவைக்கவே நான் வரணும்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஆமாம். அவித்துத் தருவான். அவள் விழுங்கி முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்தும் இருப்பான்.

சோற்றை விட்ட மூன்றாவது வாரம் வந்தது அது. முதலில் மார்பில், சிவப்பாக, பொரிப்பொரியாக. பிறகு முதுகு. பிறகு கழுத்து. அரிப்பு அடங்கிய இடத்தில் மீன்வலையை விரித்துப் போட்டதுபோல் பழுப்புத் தழும்பு.

"உள்ள இருக்க கழிவு வெளிய வருது. வரட்டும்," என்றான்.

தோல் மருத்துவரிடம் தனியாகப் போனாள். அந்த அம்மாள் முதுகைப் பார்த்ததுமே, சோறு சாப்பிட்டு எத்தனை நாளாச்சு என்று கேட்டார். ஒரேயடியாக நிறுத்தினால் சிலருக்கு இப்படி வரும், கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி மாத்திரையும் எழுதித் தந்தார்.

வந்து அவனிடம் சொன்னாள்.

"அந்தம்மா எத்தனை கிலோ இருக்கும்?"

அவ்வளவுதான் கேட்டான்.

அன்று மதியம் அவள் குழுவின் வாட்ஸப்பில் எழுதினாள். இந்த மாதிரி வேறு யாருக்காவது வந்திருக்கிறதா என்று. இரண்டே வரி. அனுப்பிவிட்டு மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டாள். இறங்கி வருவதற்குள் கேள்வியைக் காணோம். அட்மின் நீக்கிவிட்டதாக ஒரு குறிப்பு இருந்தது.

அட்மின் அடுத்த அறையில் ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தான்.

சாயங்காலம் முட்டை வந்தது. சாப்பிட்டாள்.

இளைத்த பிறகு அவளை ஊருக்கெல்லாம் காட்டினான். தான் மட்டும் பார்க்கவில்லை. கட்டிலில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மேடைத் திரையில் இப்போது அவளுடைய பழைய படம். 'முன்பு' என்று எழுதியிருந்தது. தங்கையின் வளைகாப்பில் எடுத்தது. கன்னத்தில் சந்தனம், வாய்கொள்ளாத சிரிப்பு. ஒட்டி உட்கார்ந்திருந்த தங்கையை வெட்டி எடுத்திருந்தான். எதற்குச் சிரிக்கிறாள் என்றே தெரியாத ஒரு குண்டுப் பெண்.

மண்டபம் "அய்யய்யோ" என்றது.

பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். சின்னப் பெண். அட்டையில் சுகிர்தா. ஆறு கிலோ. அந்த ஆறு கிலோ அவள் உடம்பில் எங்கே இருந்திருக்கும் என்று தெரியவில்லை.

"தை மாசம் கல்யாணம் அண்ணி. மாப்ள வீட்ல கொஞ்சம் எளைக்கச் சொன்னாங்க." துப்பட்டாவைக் கழுத்திலிருந்து விலக்கிக் காட்டினாள். "உங்களுக்கு இப்படி எதும் வந்துச்சா?"

அதே வலை. தாடையைத் தொட இரண்டு விரல் அகலம்தான் பாக்கி.

"குரூப்ல கேட்டேன். எடுத்துட்டாங்க. தப்பா எதும் கேட்டுட்டேனோ என்னமோ. இன்னைக்கு நீங்க பேசுறீங்கன்னாங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்னுதான் வந்தேன்."

நீங்கள் சொன்னால்.

சொல்ல வேண்டியதை அவன் தாளில் எழுதிக் கொடுத்திருந்தான். மூன்றாவது வரிக்கு அடியில் கோடு. எனக்கு எந்தப் பக்கவிளைவும் வரவில்லை.

அதைச் சொன்னால் இந்தப் பெண் நிம்மதியாக வீட்டுக்குப் போய் ஏழாவது கிலோவைக் குறைப்பாள்.

"அடுத்து, நம்ம அண்ணி!"

கைத்தட்டல் எழுந்தது. அவள் எழவில்லை. கைத்தட்டல் தேய்ந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகி, நின்றது.

தனசேகரனே மைக்கோடு இறங்கி வந்தான்.

"வெக்கப்படுறா," என்றான் கூட்டத்தைப் பார்த்து. சிரித்தார்கள். "பரவால்ல, இங்கருந்தே ரெண்டு வார்த்தை."

பிறகு மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவள் காதருகே குனிந்தான்.

"கடைசி வரிய மட்டுமாவது சொல்லிரு."

மைக் அவள் வாயருகே வந்தது.

பந்தியில் பரிமாற வந்தவரிடம் போதும் என்று இலைக்குக் குறுக்கே கையைக் காட்டுவதுபோல, அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இல்லைங்க. நீங்க போங்க," என்றாள். "இந்தப் பொண்ணு என்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு உக்காந்திருக்கா."