அடிக்காத டீச்சர்

"இந்த ஒரு வரி மட்டும் தப்பும்மா. மத்ததெல்லாம் சரி."

அச்சகத்தில் பிழை திருத்தும் பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை எதிரே இருந்தவள் பக்கம் நகர்த்தினார். அவள் தன் பாட்டியைப் பற்றி எழுதிய பக்கம் அது. முப்பத்தாறு வருடம் ஒரே பள்ளியில் பாடம் நடத்திய பாட்டி. நாளைக் காலை பள்ளி நூலகத்துக்குப் பாட்டியின் பெயரை வைக்கிறார்கள். நினைவு மலரின் முதல் பக்கம் பேத்தியுடையது. பன்னிரண்டு மணிக்குள் அது மெஷினில் ஏறியாக வேண்டும்.

"எந்த வரி சார்?"

"'முப்பத்தாறு ஆண்டுகளில் டீச்சர் ஒருமுறைகூட அடித்ததில்லை.' இதுதான்."

"ஒற்று ஏதாவது விட்டுப்போச்சா?"

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். அச்சகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'புள்ளி'. மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி குறைந்தால் கல்யாணப் பத்திரிகையைக்கூட நிறுத்திவைக்கிற மனிதர்.

"எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. சங்கதிதான் தப்பு. டீச்சர் ஒரு தடவை அடிச்சிருக்காங்க. நான் பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தேன்."

பேத்திக்குச் சுருக்கென்றது. ஊரே பாட்டிக்கு வைத்திருந்த பெயர் 'அடிக்காத டீச்சர்'. இவளும் இப்போது டீச்சர்தான். ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சு உயிரை வாங்கும்போதெல்லாம் பாட்டியை நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டுதான் மூன்று வருடத்தை ஓட்டியிருக்கிறாள். அந்தப் பாட்டியே கை நீட்டியிருந்தால், இனி இவள் யாரை நினைத்துக் கையைக் கட்டுவது?

"யாரை அடிச்சாங்க?"

"என்னைத்தான்னு வச்சுக்கோங்களேன்."

"அப்படி என்ன பண்ணினீங்க?"

பெரியவருக்கு இந்த வயதிலும் வெட்கம் வந்தது. "ஹெட்மாஸ்டர் தொப்பையைப் பத்தி ரெண்டு வரி பாட்டு கட்டி, அவர் ரூம் சுவத்துலயே கரியால எழுதி வச்சேன். பாட்டு நல்லாத்தான் வந்திருந்துது. ஆனா மூணு எழுத்துப் பிழை."

"தொப்பையில 'ப்' விட்டுட்டீங்களா?"

"அது போட்டேன். வயிறுக்குச் சின்ன 'ர' போட்டுட்டேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிழை என்றால் பாட்டிக்கு ஆகாது, அது வாஸ்தவம். கடையின் பெயர்ப்பலகையில் தப்பு இருந்தால் உள்ளே போய் அதைச் சொல்லிவிட்டுத்தான் சாமான் வாங்குவாள். பேத்தி விடுதியிலிருந்து உருகி உருகி எழுதிய கடிதத்தைத் திருத்தி, மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்பியவள். நூற்றுக்கு அறுபத்திரண்டு. ஆனாலும் மூன்று பிழைக்காக ஒரு பையனை அடிப்பாளா?

"எதால அடிச்சாங்க? பிரம்பா?"

"பேனாவால. சிவப்பு மைப் பேனா."

அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "பேனாதானே? அப்ப லேசாத்தான் அடிச்சிருப்பாங்க."

"லேசாவா? அழுத்தி, ஒரே அடி. நிப்பு வளைஞ்சுபோச்சு. ஹெட்மாஸ்டரே நாற்காலியை விட்டு எழுந்துட்டாருன்னா பாத்துக்கோங்க."

"உங்க வீட்டுல யாரும் கேக்கலையா?"

"எங்கப்பாவும் அங்கதான் இருந்தாரு. டீச்சரைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாரு."

அந்தக் காலத்து அப்பாக்களே இப்படித்தான் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சார், பாட்டி போய் நாலு மாசம் ஆச்சு. வந்து பதில் சொல்ல அவங்க இல்ல. இந்த ஒரு வரியை மட்டும் விட்டுடுங்களேன். உங்களுக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது."

"தப்பைப் பாத்துட்டுச் சும்மா விட்டா டீச்சர் என்னை மன்னிக்க மாட்டாங்கம்மா. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கத்துக்குடுத்ததே அவங்கதான்."

மெஷின் ஓட்டுபவர் கதவருகே தலையை நீட்டி, "என்ன, ஏத்தலாமா?" என்றார். சுவர்க்கடிகாரத்தில் மணி பதினொன்றே முக்கால்.

பேத்தி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் மெச்சிய வரி. அம்மா, சித்தி, மாமா எல்லாரும் இது கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிய வரி. அதைவிட இவளுக்கே பிடித்த வரி. ஆனால் பாட்டியைப் பற்றிய பக்கத்தில் பொய் இருந்தால், முதலில் சிவப்பு மையை எடுப்பவள் பாட்டியாகத்தான் இருப்பாள்.

"சரி சார், திருத்திடுங்க." தாளை அவர் பக்கமே நகர்த்தினாள். "'ஒரே ஒருமுறைதான் அடித்திருக்கிறார்'னு போடுங்க."

பெரியவர் அதை நிதானமாக எழுதினார். புள்ளிகளை ஒருமுறை சரிபார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, மடிப்பெல்லாம் இற்றுப்போன ஒரு பழுப்புத் தாளை எடுத்தார்.

"ஆதாரம் இல்லாம நான் எதையும் திருத்தறதில்ல. அன்னிக்கு ஹெட்மாஸ்டர் கசக்கிப் போட்டாரு. குப்பைக்கூடையிலேர்ந்து எடுத்து வச்சுக்கிட்டேன்."

பேத்தி பிரித்தாள். 'பள்ளியை விட்டு நீக்கப்படும் மாணவர்' என்ற தலைப்பு, கீழே தலைமை ஆசிரியரின் கையெழுத்து, நடுவில் பெரியவரின் பெயர். அந்தப் பெயரின் குறுக்கே, தாளே கிழியும்படி அழுத்தி, சிவப்பு மையில் ஒரே அடி.

பக்கத்தில் பாட்டியின் குண்டு எழுத்து: 'பிழை மூன்றுதான். பையனை என்னிடம் விடுங்கள், திருத்திவிடுகிறேன்.'