அணைக்காத சுவிட்ச்

பிரமிளா காலை ஆறரைக்கே, பகல் முழுக்க மெதுவாக வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் பருப்பையும் காய்கறியையும் நிரப்பி, சுவிட்சைப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். ஒன்பது மணிக்குக் கிளம்பும் அவள் கணவன் எட்வினோ, வீட்டிலுள்ள எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவான். மூன்று நாளாகச் சாயங்காலம் அவள் மூடியைத் திறந்தால் பருப்பு வெறுமனே ஊறிக் கிடந்தது. நான்காம் நாள் சுவிட்சின் மேல் ‘அணைக்காதீங்க’ என்று எழுதி ஒட்டினாள்.

அன்று சாயங்காலம் அவள் கதவைத் திறந்ததும் சாம்பார் மணந்தது. குக்கருக்கு எதிரே நாற்காலி போட்டு, வேலைக்குப் போகும் சீருடையிலேயே எட்வின் உட்கார்ந்திருந்தான்.

“வேலைக்குப் போகலையா?”

“அது ஓடிட்டிருக்கும்போது எப்படிப் பூட்டிட்டுப் போறது? லீவு சொல்லிட்டேன்.”

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக வைத்திருந்த கடைசி லீவு அது. அவள் தோள்பையை இறக்கவில்லை. கண்ணாடி மூடிக்குள் திரண்டு சொட்டும் நீரைப் பார்த்தபடி கேட்டாள்.

“நாளைக்கு?”