ஒன்பதாயிரம் மாத்திரை

"இருக்கிறதே கொஞ்சம் ஜனம். இதுக்கு இத்தனை மாத்திரையா? யாரைக் கேட்டு எழுதினீங்க?"

போர்ட் பிளேயர் மருந்துக் கிடங்கின் அதிகாரி ராஜமாணிக்கம், கையிலிருந்த தாளைப் பார்த்தே கேட்டார். சற்றுமுன்தான் மோட்டார் படகில் லாங் ஐலண்ட் வந்து இறங்கியிருந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

நர்ஸ் நீலாவதி மலேரியா மாத்திரைப் பெட்டிகளை மறித்துக்கொண்டு நின்றாள். அறுபத்து நாலாம் வருஷ மழை தொடங்கப்போகிறது. தொடங்கிவிட்டால் இரண்டு மாதம் படகு நிச்சயமில்லை. பெட்டிகள் திரும்பிப் போனால் மரம் அறுக்கும் ஜனமெல்லாம் குளிர்காய்ச்சலில் சுருண்டுவிடும். வேலை போனாலும் போகட்டும் என்று முடிவு கட்டியிருந்தாள்.

"யாரையும் கேக்கல சார். ஒன்பதாயிரம்னு நானேதான் எழுதினேன்."

"உண்மையான தேவை?"

"மூவாயிரம்."

"அப்போ பொய்."

தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

"போன வருஷம் நிஜத்தை எழுதினேன். ஆயிரம்தான் வந்துச்சு. கேட்டதுல மூணுல ஒண்ணு குடுக்கிறது மேல இருக்கிறவங்க பழக்கம். அதான் மூணு மடங்கா எழுதினேன். வெட்டாம முழுசா அனுப்பினது அனுப்பினவங்க தப்பு."

ராஜமாணிக்கம் பென்சிலை எடுத்தார். "மெதுவா சொல்லுங்க."

மெமோவுக்குத்தான் எழுதுகிறார் என்று நீலாவதிக்கு ஆத்திரம் பொங்கியது. "நல்லா எழுதிக்குங்க சார். ஒரு வார்த்தை விடாதீங்க."

"அதிகப்படியைத் திருப்பி அனுப்பச் சம்மதமா?"

"மாட்டேன். வந்த மருந்து ஜனத்துக்கு. காய்ச்சல் என்ன, நீங்க போடுற அளவைக் கேட்டுக்கிட்டா வருது?"

"வேலைக்கு ஆபத்து வருமே?"

"பர்வா நஹி. தண்ணியில்லாக் காட்டுக்குத்தானே மாத்துவீங்க? அங்கதான் ஏற்கெனவே இருக்கேன். இதுக்கு மேல தூக்கி அடிக்கணும்னா கடல்லதான் அடிக்கணும்."

ராஜமாணிக்கம் கடைசி வரியை எழுதி முடித்து, தாளை அவள் பக்கம் திருப்பினார். "சரியா இருக்கான்னு பாருங்க சிஸ்டர்."

மெயின்லேண்ட் ஆபீஸ் முத்திரை குத்திய கடிதம் அது. இவ்வளவு நேரம் அவர் கேட்ட கேள்விகளெல்லாம் அதில் வரிசையாக அச்சாகியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே அவள் சொன்ன பதில். மேலே, விளக்கம் தரவேண்டியவர் என்ற இடத்தில், ராஜமாணிக்கத்தின் பெயர்.

"நானும் மூணு மடங்குதான் எழுதினேன். அவங்களும் வெட்டாம அனுப்பிட்டு, இப்ப விசாரணைக்கு வர்றாங்க. எனக்கு இப்படிப் பேச வரல" என்றார் அவர். "பெட்டி இங்கேயே இருக்கட்டும். அந்தக் கடல் வரியை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க."