வலது பக்கம் மட்டும்

மூணு வயசுக் குழந்தையை ஒரே மூச்சில் எத்தனை தடவைதான் சிரிக்கச் சொல்லலாம், நீங்களே சொல்லுங்க?

பாஞ்சாலி எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். பதினேழோடு விட்டுவிட்டாள்.

ஜமுனாமரத்தூர் பூங்கா வாசலில் சீட்டுக் கிழிக்கிற வேலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை வேறு. காலையிலிருந்து நின்று நின்று கணுக்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. வேன் வேனாக வந்து இறங்கிய கூட்டம் தின்று, கத்தி, குப்பை போட்டுவிட்டு, நாலு மணிக்குத்தான் கொஞ்சம் ஓய்ந்தது.

ஊஞ்சல் பக்கம் நின்ற அந்தச் சின்னப் பெண் மட்டும் ஓயவில்லை. கையில் மூலை விரிசல் விட்ட போன். ஊஞ்சலில் அவள் மகள், புதுப் பாவாடையில். இந்த வெயிலில் குழந்தையின் தலையோடு கழுத்தைச் சுற்றி ஒரு துப்பட்டா.

"தேவயானி, அந்தப் பக்கம் பாருடி. சிரி. இப்பிடி இல்ல, நேத்து சிரிச்சியே, அந்த மாரி."

குழந்தை துப்பட்டாவை இழுத்தது. அம்மா கையைத் தட்டிவிட்டாள். குழந்தை உதட்டைப் பிதுக்கியது.

"அழாதடி கண்ணு. ஒரே ஒரு போட்டோ. அப்பறம் ஐஸ் வாங்கித் தர்றேன்."

"இதோட எத்தினியாவது ஒரே ஒண்ணோ!" என்று முணுமுணுத்தாள் பாஞ்சாலி.

வாசலில் சுண்டல் விற்கிற லட்சுமணன் சிரித்தான். "இன்னாக்கா பண்றது, இப்பல்லாம் புள்ள பெத்துக்கறதே போட்டோ புடிக்கத்தான?"

பாஞ்சாலிக்குப் பொறுக்கவில்லை. வலிக்கிற காலோடு எழுந்து போனாள்.

"ஏம்மா, உன்னப் பெத்தவ உன்ன இப்பிடித்தான் வெயில்ல வெச்சு வாட்டுனாளா? போன்ல நாலு பேரு லைக்கு போட்டா புள்ளைக்கு வயிறு ரொம்பிடுமா?"

அந்தப் பெண் சண்டைக்கு வரவில்லை. சண்டை போடக்கூடத் தெம்பில்லாதவள் மாதிரி நின்றாள்.

"கோச்சிக்காதீங்கக்கா. நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க, நான் எதுர்ல நின்னு வெளயாட்டு காட்றேன். ஆனா வலது பக்கம் மட்டும் எடுங்க."

பக்கம் பார்த்து எடுக்க இவள் என்ன சினிமா நட்சத்திரத்தையா பெற்று வைத்திருக்கிறாள்? போனை வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே இடது பக்கம் போனாள் பாஞ்சாலி.

அதே நேரம் குழந்தை துப்பட்டாவைப் பிடுங்கி எறிந்தது.

காதிலிருந்து கழுத்து வரைக்கும் தோல் சுருங்கி, ரோஸ் நிறத்தில் பளபளத்தது.

பாஞ்சாலி போனைத் தாழ்த்தினாள்.

"கொதிக்கற சாமக் கஞ்சிக்கா. அடுப்புலேந்து எறக்கி வெச்சிட்டுத் திரும்பறதுக்குள்ள இழுத்துக் கவுத்துக்கிச்சு. ஒன்றர மாசமாச்சு. தோலு வந்துரும்னு ஆஸ்பத்திரில சொல்லிக்கிறாங்க."

"அவங்கப்பனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவுரு கர்நாடகாவுல, குடகுப் பக்கம் மொளகு பறிக்கப் போய்க்கிறாரு. ஒத்த மூங்கில் ஏணில நாப்பதடி ஏறணும். பாப்பா போட்டோ அனுப்பு, அனுப்புன்னு ஒரே பாட்டு. பழசையே அனுப்பிட்டிருந்தேன், நேத்து கண்டுபுடிச்சிட்டாரு. இன்னிக்கு எடுத்தது வரலன்னா சோறு எறங்காதுன்னாரு. எங்க ஊர்ல டவர் விட்டு விட்டுத்தான் வரும், இன்னிக்கு சுத்தமா இல்ல. அதான் புதூர்நாட்டுலேந்து ஜீப்பு புடிச்சி வந்தேன்."

"உள்ளதச் சொல்லிட வேண்டியதுதான? பெத்தவன்தான?"

"புளி உலுக்கறவங்க மரத்துமேல இருக்கறப்ப கெட்ட சேதி வந்தா, எங்க ஊர்ல ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டோம்க்கா. மனசு பதறுனா காலு பதறும். கீழ எறங்கி, ஒரு வாய் தண்ணி குடிச்சப்பறம்தான் சொல்லுவோம். அவுரு இன்னும் மரத்துமேலதான இருக்காரு? பங்குனி முடிஞ்சி எறங்கட்டும். நானே சொல்லி, திட்டும் வாங்கிக்கறேன்."

பாஞ்சாலி குனிந்தாள். கீழே கிடந்த துப்பட்டாவை எடுத்து, உதறி, வலிக்காமல் குழந்தைக்குச் சுற்றிவிட்டாள். போனை அம்மாவிடம் கொடுத்தாள். பிறகு அந்த வீங்கின காலோடு ஊஞ்சலுக்கு எதிரே குரங்கு மாதிரி குதித்தாள். கன்னத்தைச் சொறிந்தாள். பின்னாலேயே வந்து நின்ற லட்சுமணன் தட்டிலிருந்து சுண்டலை எடுத்து உரிப்பது மாதிரி உரித்துத் தின்றாள்.

குழந்தை கிளுகிளுவென்று சிரித்தது. படம் விழுந்தது. வலது கன்னம், முழுச் சிரிப்பு.

"தெய்வம்க்கா நீங்க!" அனுப்பப் போனவளுக்கு அப்போதுதான் முகத்தில் களை வந்தது. "இருங்க, எங்க வூட்டுக்காரரப் பாருங்க. வெற்றிவேலு. ரெண்டு நாளைக்கு ஒண்ணு அனுப்பிடுவாரு."

பாஞ்சாலி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நல்ல களையான பிள்ளை. எல்லாப் படத்திலும் சிரிக்கிறான். எல்லாமே கழுத்துக்கு மேலே. பின்னால் ஒரு நீலச் சுவர்.

"மொளகு பறிக்கறாருன்ற. ஒரு எலகூடக் காணோமே?"

"அவுரு வேல முடிஞ்சி வந்துதான் எடுப்பாரு போலக்கா."

"வீடியோவுல பேசறதில்லியா?"

"முன்னல்லாம் வா, வான்னு உயிர எடுப்பாரு. இப்ப ஒரு மாசமா அவுரே கேக்கறதில்ல. நல்லதாப்போச்சு, தப்பிச்சோம்னு நானும்..."

அவள் கை போனுக்கு நீண்டது.

போனை வாங்கினாள். தள்ளினாள். நீலச் சுவர். நீலச் சுவர். நீலச் சுவர்.

குழந்தை ஊஞ்சலிலிருந்து இறங்கி வந்தது. ஐஸ் எங்கே என்று அம்மாவின் புடவையை இழுத்து இழுத்துக் கேட்டது. அவள் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டாள். சிரித்த முகமாக்கிக்கொண்டு, குரலைப் பதிவு செய்கிற பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"மாமா, பாப்பா போட்டோ எடுத்துட்டேன், இதோ அனுப்பறேன். நீங்களும் ஒண்ணு அனுப்புங்க மாமா. எழுந்து நின்னு, கால் தெரியற மாரி."