பளபளப்பான இன்ஜின்

நல்ல இன்ஜினைக் கண்டு முகம் சுளிக்கும் மனிதரை தாஃபிர் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார். ரியாத் புறநகரில் பழைய இன்ஜின் விற்பது அவர் தொழில். வந்திருந்தவர் அபூ நவ்வாஃப்.

“உங்க பழைய டர்ட் பைக்குக்கு இதை மாட்டுங்க. எந்த மணல்மேடா இருந்தாலும் மூச்சு வாங்காம ஏறும்.”

“வேண்டாம். அடுத்தது?”

“இது கொஞ்சம் புகை தள்ளும். ஆயிலும் குடிக்கும்.”

“இதைவிட மட்டமா இல்லையா?”

தாஃபிர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அதோ, மூலையில ஒண்ணு கிடக்கு. வெளியே பளபளன்னு இருக்கும். உள்ளே பிஸ்டன் இறுகிப்போச்சு. ஜென்மத்துக்கும் கிளம்பாது.”

அபூ நவ்வாஃபின் முகம் மலர்ந்தது. “அதேதான்! எடுங்க.”

“ரொம்ப நேரம் வெயில்ல நின்னீங்களா?”

“கேளுங்க கதையை. என் மச்சினன் விருந்துக்கு வந்தான். ‘பைக் பிரமாதம்’னான். வந்தவன் ஒரு பொருளைப் புகழ்ந்தா நாம என்ன சொல்லுவோம்? ‘உனக்கே, எடுத்துக்கோ’ன்னேன். ‘ஐயோ, வேண்டாம்’னு சொல்றதுதானே மரியாதை? அந்த மானங்கெட்டவன், ‘வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்’னு சொல்லிட்டான்! வரட்டும். என் இன்ஜினைக் கழட்டி ஒளிச்சு வச்சுட்டேன்.”

தாஃபிர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருடைய மணிக்கட்டைப் பார்த்தார்.

“வாட்ச் பிரமாதமா இருக்கே!”

“உங்களுக்கே, எடுத்துக்கோங்க!” என்றது அபூ நவ்வாஃபின் பாழாய்ப்போன வாய்.

தாஃபிர், ‘ஐயோ, வேண்டாம்’ என்று சொல்லவில்லை. கையை நீட்டினார்.