நூல் அறவில்லை

“தைக்கத் தெரியாதவன் என்னத்துக்குக் கத்தியைத் தூக்கினவன்? ஒரு மனிசன்ர தோளை நாசமாக்கிப்போட்டானே! ஆர் அவன்? இண்டைக்கு என்ர முகத்துக்கு நேரை வரட்டும்!”

பரமேஸ்வரன் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி வரவேற்பறையே நிமிர்ந்து பார்த்தது. ஒரு சொல் தமிழ் தெரியாத வரவேற்புப் பெண்ணுக்கும் விஷயம் விளங்கிவிட்டது.

பக்கத்தில் யாக்கோப்பு கூனிக் குறுகி இருந்தார். வலது கை மடியில் வைத்த இடத்திலேயே கிடந்தது.

“அண்ணை, மெல்லக் கதையுங்கோ. பொலிசைக் கூப்பிடப்போறாங்கள்.”

“கூப்பிடட்டும்! அரிசி மூட்டை தூக்கின கை. இப்ப சிலுவை போடவும் இடக் கையெல்லோ வேண்டிக்கிடக்கு உனக்கு!”

அப்டன் பார்க்கில் ஒற்றைக் கதவுக் கடையில் தொடங்கி, சண்டை பிடித்தே மூன்று கடைக்கு முதலாளியானவர் பரமேஸ்வரன். சொன்ன விலைக்கு அவர் ஒரு கட்டு முருங்கைக்காய் வாங்கியதாகக்கூடச் சரித்திரம் இல்லை.

கதவு திறந்தது. “யாக்கோப்பு, உள்ள வாங்க.”

டொக்டர் பிரியம்வதா. மதுரைக்காரி. பரமேஸ்வரனும் பின்னாலேயே நுழைந்தார்.

“தைச்சவன் எங்கை?”

“தைச்சது நான்தான். உட்காருங்க.”

பெண்பிள்ளையை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் கதிரையில் இருக்கவில்லை.

“அப்ப நீங்களே சொல்லுங்கோ. என்ன நூலாலை தைச்சனீங்கள்? மலிவு நூலோ?”

டொக்டர் ஸ்கான் படத்தைத் திரையில் போட்டார்.

“பாருங்க. எலும்புல போட்ட ஆணி அப்படியே இருக்கு. நூலும் அறல. தசைநார்தான் நூலுக்குள்ளேர்ந்து கிழிஞ்சு வந்திருக்கு. அம்பத்தெட்டு வயசு, மூட்டை தூக்கியே நைஞ்ச நார். தையல் சும்மா பிடிச்சுத்தான் வைக்கும். நார் எலும்போட தானா ஒட்டணும். அதுக்குத்தான் நாலு மாசம் எடையே தூக்கக்கூடாதுன்னு சொன்னேன்.”

அவர் யாக்கோப்பின் பக்கம் திரும்பினார். “தூக்கினீங்களா?”

“குளியலறையிலை வழுக்கி விழுந்திட்டன் டொக்டர்.”

“விழுந்தா வேற எங்கயாவது அடிபட்டிருக்குமே. உண்மையைச் சொல்லுங்க.”

யாக்கோப்பு நிலத்தைப் பார்த்தார். “ரெண்டு மாசத்திலை வேலைக்குப் போனனான்.”

“முதலாளிக்கு நான் கொடுத்த கடிதம்?”

“குடுத்தனான். அவர் வேண்டாமெண்டுதான் சொன்னவர். தங்கமான மனிசன். நான்தான் கேளாமல் தூக்கினனான்.”

பரமேஸ்வரனுக்கு இரண்டு காதும் சுட்டன. கதிரையை இழுத்து, அப்போதுதான் இருந்தார்.

“இன்னொரு தடவை தைக்கலாம்,” என்றார் டொக்டர். “ஆனா மிச்சமிருக்கிற நார் ரொம்பக் கொஞ்சம். இதுவும் பிய்ஞ்சா அவ்வளவுதான், கை எழும்பாது. இந்த முறை ஆறு மாசம்.” பிறகு பரமேஸ்வரனைப் பார்த்தார். “அண்ணன்தானே நீங்க? தம்பிக்காக இவ்வளவு கத்துறீங்க, நல்லது. அதே சத்தத்தை அந்த முதலாளிகிட்டப் போய்ப் போடுங்க.”

“அண்ணை, வாங்கோ போவம்.” யாக்கோப்பு அவசரமாக எழும்பினார்.

“இரு!”

அறை அதிர்ந்தது.

“இவன் பொய் சொல்லுறான் டொக்டர். அவன் தங்கமுமில்லை, தகரமுமில்லை! உங்கட காயிதத்தை வாசிச்சவன். ‘டொக்டர்மார் நாலு சொன்னால் ரெண்டுக்கு முடிக்கவேணும், தீபாவளிச் சாமான் வந்து குவிஞ்சு கிடக்கு, வா’ எண்டு மரக்கறி விலை பேசினமாதிரி இவன்ர தோளுக்குப் பேரம் பேசினவன். பதினாறு வருசம் தனக்கு உழைச்ச கையைப் பிய்ச்சுப்போட்டு, பழியைத் தைச்சவையின்ர தலையிலை கட்ட வெளிக்கிட்டவன்!”

“அண்ணை…”

“நீ வாயை மூடு! டொக்டர், இன்னொரு காயிதம் எழுதுங்கோ. ஆறு மாசமும் இவன்ர வேலை இவனுக்காக இருக்கவேணும், சம்பளம் வீட்டுக்குப் போகவேணும், மூட்டையை அந்த முதலாளிதான் தன்ர தோளிலை தூக்கவேணும். பேரைப் போட்டே எழுதுங்கோ!”

டொக்டர் பேனாவை எடுத்தார். “பேர் என்ன?”

“பரமேஸ்வரன். ஒரு நாள் குறைச்சுக் கேட்டாலும் அவனை விடாதேங்கோ!”